தம்பி ராத்திரி பன்னண்டு வரைக்கும் படிக்கிறான், டெஸ்ட்ல எழுத வரல. வழி சொல்லுங்க

நெல்லூர்பேட்டை அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க குடியாத்தம். நான் ஷூ கம்பெனியில அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம், தைக்கிற செக்‌ஷன்ல வேலை செய்யறேன். பத்தாவதோட நின்னுட்டேன். என் தம்பி அரசு மேல்நிலைப் பள்ளியில பிளஸ் டூ, பயாலஜி மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம்.

படிக்காத பையன் இல்லைங்க. காலையில ஸ்பெஷல் கிளாஸ், சாயந்தரம் டெஸ்ட்டுன்னு ஸ்கூல்லயே ஆறு மணி ஆயிடுது. வந்து கை கால் கழுவிக்கினு உக்காந்தான்னா பன்னண்டு, சில நாள் ஒரு மணி. திரும்ப நாலு மணிக்கு அலாரம். எங்க வீடு ஒரே ரூம். அம்மா மடியில முறத்த வெச்சிக்கினு ஒரு மூலையில பீடி சுத்துவாங்க, இவன் எதிர் மூலையில வாய்விட்டுப் படிப்பான். டிவி போடறதே இல்ல. கேட்டுக் கேட்டு எனக்கே பாதி பிசிக்ஸ் காதுல நிக்குது.

ஆனா காலாண்டுல பிசிக்ஸ் 70க்கு 31. கெமிஸ்ட்ரி அதைவிடக் கம்மி. "எல்லாம் படிச்சதுதான்க்கா, கேள்வியப் பாத்தா எந்தப் பக்கத்துல, எந்த மூலையில இருக்குன்னுகூடத் தெரியுது, ஆனா எழுத வரல"ன்னு சொல்லிட்டு அழுதான். கிரிக்கெட்டுக்குப் போறத அவனா நிறுத்திட்டான். சாப்பிடறப்பவும் புக்கு. இப்போ பிரேயர்ல மயக்கமா வந்து உக்காந்துட்டான்னு கிளாஸ் சார் போன் பண்ணாரு.

டியூஷன் விசாரிச்சேன், சொன்ன ஃபீஸ் எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. டிசம்பர்ல அரையாண்டு, மார்ச்ல பப்ளிக். அவனுக்கு நேரம் பத்தலையா, இல்ல வேற என்னமோ தப்பா நடக்குதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பாலாற்றங்கரை எழுதியது:

தங்கச்சி, மனசு விடாதீங்க. நான் ஆற்காடு. என் பசங்க ரெண்டு பேரும் பிளஸ் டூ தாண்டிட்டாங்க. என் அனுபவத்துல சொல்றேன், இந்த ஒரு வருஷம் சோறு தூக்கம் பாத்தா மார்க்கு வராது. அவன் உக்காந்து படிக்கிறதே பெரிய விஷயம். எத்தனை வீட்ல பையன் போனைக் கீழ வைக்க மாட்டேங்கறான் தெரியுமா? நேரத்தைக் குறைச்சிடாதீங்க. விடியற்காலை நாலு மணிக்குப் படிச்சது மறக்காதுன்னு எங்க அப்பா சொல்வாரு, அதையே என் பசங்களுக்கும் சொன்னேன். ஒரு பாடத்தை பத்து தடவை படிச்சாத்தான் நிக்கும். இவன் நாலு தடவை படிச்சிருப்பான். இன்னும் ஆறு தடவை படிக்கச் சொல்லுங்க.


சாக்பீஸ் எழுதியது:

அம்மா, வணக்கம். காட்பாடி, அணைக்கட்டு வட்டாரப் பள்ளிகளில் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தம்பி அழுதுகொண்டு சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை என் வகுப்பறைகளில் வருடா வருடம் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வகுப்பிலேயே அதிகம் உழைத்த பிள்ளைகள். அதனால் முதலில் இதைத் தம்பியிடம் சொல்லுங்கள்: குறை அவன் மூளையிலும் இல்லை, உழைப்பிலும் இல்லை.

பார்த்தால் அடையாளம் தெரிவது ஒரு திறமை. பார்க்காமல் எடுத்து எழுதுவது வேறு திறமை. புத்தகத்தைத் திறந்து வைத்து வாய்விட்டுப் படிக்கும்போது வளர்வது முதலாவது. அடுத்த வரி கண்ணுக்கு எதிரிலேயே இருப்பதால் மனம் அதைத் தேடிப் போக வேண்டிய வேலையே இல்லை. நான்காவது முறை படிக்கும்போது வழுவழுவென்று ஓடும், "ஆகா, வந்துவிட்டது" என்று தோன்றும். தேர்வு அறையில் புத்தகம் இல்லை. அங்கே கேட்பது இரண்டாவது திறமையை. அதை அவன் ஒரு நாள்கூடப் பழகவில்லை.

இது என் ஊகம் அல்ல. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஓர் உரைப்பகுதி. ஒரு குழு அதைத் திரும்பத் திரும்ப நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு சுற்றும் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். படிக்கும்போது "தெரிந்துவிட்டது" என்று தோன்றுவதை நம்ப முடியாது என்று இதனால்தான் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை ஐயா, பத்துத் தடவை என்று நீங்கள் சொன்ன எண்ணிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பத்தில் இரண்டு படிப்பதாகவும் எட்டு புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவதாகவும் இருக்கட்டும் என்கிறேன். அதையும் ஒரே இரவில் செய்யக்கூடாது. இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை. கொஞ்சம் மறக்க ஆரம்பித்த நேரத்தில் இழுத்துப் பிடித்து எழுதினால்தான் ஆழமாகப் பதியும். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885இலேயே எழுதி வைத்துவிட்டார்.

தம்பி செய்ய வேண்டியது: பாடத்தின் ஒரு பகுதியை, ஒன்றரைப் பக்கம் போதும், நிதானமாகப் புரிந்து படிக்கட்டும். புத்தகத்தை மூடட்டும். பழைய நோட்டில் எழுதாத பக்கத்தில் நினைவில் வருவதை எழுதட்டும், படத்தையும் போடட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். நாளைக்கு அவன் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மையை மட்டும்தான். முதல் சில நாட்கள் பாதிப் பக்கம்கூட வராது, பயந்துவிடுவான். அந்தப் பயத்தைத் தாண்ட வைப்பதுதான் வீட்டில் இருப்பவர்கள் வேலை.


நைட் டியூட்டி எழுதியது:

அக்கா, நான் வேலூர்ல ஸ்டாஃப் நர்ஸ். படிப்பு பத்தி சார் சொல்லிட்டாரு, நான் மயக்கத்தைப் பத்திச் சொல்றேன். ஒரே ஒரு தரம்தானேன்னு விட்டுடாதீங்க. குடியாத்தம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஹீமோகுளோபின் பாருங்க. ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு தரம் நீல கலர்ல இரும்புச்சத்து மாத்திரை தருவாங்களே, அதை முழுங்கறானா, பாக்கெட்ல போட்டுக்கறானான்னு கேளுங்க. வெறும் வயித்துல போட்டா குமட்டும்னு பசங்க தூக்கிப் போட்டுடுவாங்க, சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க. சாப்பாட்டோட டீ வேண்டாம், சத்தைச் சேர விடாது. காலையில வெறும் டீயைக் குடிச்சிட்டு ஸ்பெஷல் கிளாஸுக்கு ஓடுறானா? பழைய சோறா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் போகணும்.

அப்புறம் தூக்கம். பன்னண்டுலேருந்து நாலுன்னா நாலு மணி நேரம். 13 வயசுலேருந்து 18 வயசு வரைக்கும் எட்டுலேருந்து பத்து மணி நேரம் தூங்கணும்னு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லியிருக்காங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எட்டு கெடைச்சாலே நான் சந்தோஷப்படுவேன். பகல்ல படிச்சது தூங்கறப்பதான் மூளையில உறுதியாவுது. தூக்கத்தை வெட்டினா அன்னைக்கு முழுக்கப் படிச்ச உழைப்பையும் சேத்து வெட்டறோம். அதுவும் நாலு மணி அலாரம், கனவு வர்ற தூக்கம் அதிகமா இருக்கற கடைசிப் பகுதியைத்தான் வெட்டுது.

ராத்திரி முழிக்க டீ குடிக்கிறானா? அந்த காஃபின் பாதி குறையவே அஞ்சு மணி நேரம் போல ஆவும். ஒன்பது மணிக்குக் குடிச்ச டீ ரெண்டு மணிக்கும் உடம்புல இருக்கும். சாயந்தரத்தோட நிறுத்தச் சொல்லுங்க.

ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றப்போ என் தலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மருந்து சீட்டை ரெண்டு தரம் மூணு தரம் படிச்சாத்தான் ஏறும். அந்த நிலைமையிலதான் உங்க தம்பி தினமும் ஸ்கூலுக்குப் போறான்.


பாலாற்றங்கரை எழுதியது:

சிஸ்டர் சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. பையன் வீட்டுக்கு வர்றதே ஆறு மணிக்கு மேல. எட்டு மணி நேரம் தூங்கச் சொல்றீங்க, சாப்பிடச் சொல்றீங்க, அடுத்து யாராவது விளையாடச் சொல்வீங்க. ஆறு சப்ஜெக்ட் எப்போ படிக்கிறது? ஒரே ரூம் வீட்ல விடியற்காலை ஒண்ணுதான் அமைதியான நேரம். அதையும் புடுங்கிட்டா பையனுக்கு என்ன மிஞ்சும்? சொந்த ரூம் இருக்கற பிள்ளைங்களுக்குச் சொல்ற டைம் டேபிளை இந்தப் பிள்ளைக்குச் சொல்லாதீங்க.


நைட் டியூட்டி எழுதியது:

அண்ணா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. விடியற்காலையைப் புடுங்க வேண்டாம். ஒன்பதரைக்குப் படுத்தா அஞ்சரைக்கு எழுந்திருக்கலாம், எட்டு மணி நேரம் ஆச்சு. முழிச்சிருக்கிற அந்த பத்து மணிலேருந்து ஒரு மணி வரைக்கும்தான் நான் கேக்கறேன். அந்த நேரத்துல படிக்கிறது கண்ணுல ஓடுது, தலையில ஏறல.


லத்தேரி பாசஞ்சர் எழுதியது:

அக்கா, நான் பி.எஸ்சி ரெண்டாவது வருஷம், லத்தேரிலேருந்து ரயில்ல காட்பாடி வந்து, அங்கேருந்து டவுன் பஸ் புடிச்சு காலேஜ் போறேன். நானும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம்தான். பாலாற்றங்கரை அண்ணா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு: படிப்பை மேசையில மட்டும் வெக்க வேண்டாம். வேலூர் கோட்டைக்குள்ள மரத்தடியில டிஎன்பிஎஸ்சிக்கு உக்காந்து படிக்கிறவங்களைப் பாத்திருப்பீங்க, அவங்களுக்கெல்லாம் தனி ரூமா இருக்கு?

ஒன் மார்க்குக்கு எல்லாம் ராத்திரி கண்ணு முழிக்கவே கூடாது. பிசிக்ஸ்ல 15, கணக்குல 20 ஒன் மார்க் வருது. இதை நாங்க ஸ்கூலுக்குப் போற வழியிலயே முடிச்சோம். நாலு பேரு, ஒருத்தன் கேப்பான், மத்தவங்க சொல்லணும். தப்பா சொன்னவன் அடுத்த கேள்வி கேக்கணும். இப்போ ரயில்லயும் அதேதான் செய்யறோம்.

நீங்க ஷூ கம்பெனின்னு சொன்னீங்க, அதனால இன்னொண்ணு. ஒரு ஷூ பெட்டி கிடைக்குமா பாருங்க. லைட்னர்னு ஒருத்தர் 1972ல எழுதின முறை இது. பழைய நோட்டு அட்டையைச் சின்னச் சின்னதா வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பெட்டியை மூணு தடுப்பா பிரிக்கணும். முதல் தடுப்பு தினமும் பாக்கறது, ரெண்டாவது மூணு நாளைக்கு ஒருமுறை, மூணாவது வாரத்துக்கு ஒருமுறை. பதில் கரெக்டா சொன்னா அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தப்புன்னா எந்தத் தடுப்புல இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பிடும். சார் சொன்ன "இன்னைக்கு, நாளைக்கு, அடுத்த வாரம்" கணக்கைப் பெட்டியே பாத்துக்கும், நாம எதையும் ஞாபகம் வெச்சிக்க வேண்டியதில்ல. நான் கெமிஸ்ட்ரி வினைகளை எல்லாம் இப்படித்தான் புடிச்சேன். கனிம வேதியியல்ல எந்தத் தாதுவுல எந்த உலோகம்ங்கறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

விளையாட்டை நிறுத்தினது வேண்டாம்க்கா. சாயந்தரம் அரை மணி நேரம் பந்து போட்டுட்டு வந்தா உக்கார உடம்பு ஒத்துழைக்கும். எங்க செட்ல கிரிக்கெட்டை விட்டவங்கதான் அதே நேரத்தை ரீல்ஸ் பாத்துக் கழிச்சாங்க. போன் யாரு கையில இருக்குன்னு நீங்க எழுதல. வீட்டுல ஒரு போன்னா, ஹோம் ஒர்க் குரூப்புல வந்ததை நோட்டுல எழுதிக்கிட்டு உங்ககிட்ட குடுத்துடட்டும்.


சத்துவாச்சாரி அம்மா எழுதியது:

எல்லாரும் பையனைப் பத்தியே பேசறோம், ஒண்ணு சேத்துக்கறேன். இதே இழையைப் படிக்கிற பெண் பிள்ளைங்க வீட்ல ஆறு மணிக்கு வந்ததும் புக்கைத் தொட முடியாது. தண்ணி புடிக்கணும், பாத்திரம் கழுவணும், தம்பிக்கு ஹோம் ஒர்க் சொல்லிக் குடுக்கணும். "படிச்சிக்கிட்டே இதையும் பாரு"ன்னு சொல்றோம் இல்ல, அந்த வார்த்தையே வீட்ல இருக்கக் கூடாது. என் பொண்ணு பிளஸ் டூ படிச்சப்போ ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் அவளை யாரும் கூப்பிடக் கூடாதுன்னு வீட்டுக்காரர்கிட்ட, மாமியார்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சேன். பால் பொங்கி வழிஞ்சாலும் சரி. நேரம் கம்மியா இருக்கற பிள்ளைக்கு முழுசா ரெண்டு மணி நேரம் கெடைக்கறது பெரிய சொத்து.

மகளே, இன்னொண்ணு. பையன் அழுதான், மயங்கினான், விளையாட்டை விட்டான்னு எழுதியிருக்க. அவன் மனசு எப்படி இருக்குன்னு பக்கத்துல உக்காந்து கேளு. மார்க்கைப் பத்திக் கேக்காதே. ராத்திரி பகல் எந்நேரமும் பேச 14416 டெலி மானஸ்னு அரசோட மனநல ஆலோசனை எண் இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. அரசு சுகாதார உதவி எண் 104க்கும் போடலாம். வியாதி முத்தினாத்தான் கூப்பிடணும்னு இல்ல.


நெல்லூர்பேட்டை அக்கா எழுதியது:

கம்பெனி பஸ்ல உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

ஹீமோகுளோபின் பாத்தாச்சு, கம்மிதான், மாத்திரை குடுத்திருக்காங்க. ஷூ பெட்டி ரெடி. அம்மா சாயந்தரமே இலை வெட்டி முடிச்சிட்டு, ஒன்பதரைக்கு முறத்தை எடுத்து வெச்சிடறேன்னு சொல்லிட்டாங்க. விளக்கை அணைச்சாத்தான் அவனும் படுப்பான்.

சார், ஒரு சந்தேகம். மூடி வெச்சிட்டு எழுதுன்னா "வரமாட்டேங்குது, நேரம் வீணாவுது"ன்னு கோவப்படறான். பழையபடி வாய்விட்டுப் படிக்கப் போயிடறான். நான் கூட உக்காந்து கேள்வி கேக்கலாம்னா, எனக்கு பத்தாவதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. பிசிக்ஸ்ல நான் என்னத்தைக் கேக்கறது?


சாக்பீஸ் எழுதியது:

அம்மா, இயற்பியல் தெரியாதவர் கேட்பதுதான் நல்லது. தெரிந்தவர் பாதியிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஒரு பகுதியை எடுத்துச் சொல்கிறேன், இன்று இரவே செய்து பாருங்கள். முதல் பாடம் நிலைமின்னியல். மின் இருமுனையால் (சிறு இடைவெளியில் இருக்கும் சம அளவு நேர், எதிர் மின்னூட்டங்களின் ஜோடி) அச்சுக்கோட்டில் (அவை இரண்டையும் இணைக்கும் கோடு) உருவாகும் மின்புலம். ஐந்து மதிப்பெண் கேள்வி. புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும், தாள் அவன் கையில்.

முதலில் "படம் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் போட்டதைப் புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குக் கண் போதும், பாடம் தெரிய வேண்டாம். நேர்மின்னூட்டம் எந்தப் பக்கம், எதிர்மின்னூட்டம் எந்தப் பக்கம், புள்ளி எங்கே, அம்புக்குறிகள் எந்தத் திசையில். தைத்த அப்பரில் ஒரு தையல் விலகினால் உங்கள் கண் பிடித்துவிடும் இல்லையா, அந்தக் கண் இதற்குப் போதும்.

அடுத்து, ஒவ்வொரு வரி எழுதியதும் ஒரே கேள்வி: "இது ஏன்?" முதல் வரியில் நேர்மின்னூட்டத்தால் வரும் புலம், இரண்டாவதில் எதிர்மின்னூட்டத்தால் வருவது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் கழிக்கிறோம் என்று அவன் சொல்ல வேண்டும். "புக்குல அப்படித்தான் இருக்கு" என்றால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் விடுவது ஒரு வரி. புள்ளி இருக்கும் தொலைவு, இருமுனையின் நீளத்தைவிட மிகவும் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்ற வரி. அதை எழுதாமல் அதற்கு அடுத்த வரிக்குப் போகவே முடியாது, ஏனென்றால் அந்தக் காரணத்தால்தான் பின்னத்தின் அடியில் இருக்கும் சிக்கலான உறுப்பு சுருங்கி, தொலைவின் மும்மடி மட்டும் மிஞ்சுகிறது. மனப்பாடமாகப் படித்தவன் இதைத் தாண்டிக் குதிப்பான். புரிந்து எழுதுபவன் இங்கே நிற்பான். அந்த வரி வந்துவிட்டதா என்று நீங்கள் பாருங்கள்.

கடைசியாக, அடுத்த தலைப்பையும் பக்கத்திலேயே வைத்துக் கேளுங்கள்: நடுவரைக்கோட்டில் (இருமுனையின் மையத்தில் அச்சுக்கோட்டுக்குச் செங்குத்தான கோடு) என்ன ஆகும்? அதே தொலைவில் அச்சுக்கோட்டில் வரும் புலம் நடுவரைக்கோட்டில் வருவதைப்போல் இரண்டு மடங்கு. அச்சுக்கோட்டில் புலம் இருமுனைத் திருப்புத்திறனின் திசையிலேயே (எதிர்மின்னூட்டத்திலிருந்து நேர்மின்னூட்டத்தை நோக்கி) இருக்கும், நடுவரைக்கோட்டில் அதற்கு எதிர்த்திசையில். தனித்தனி நாளில் தனித்தனியாகப் படித்தவன் தேர்வில் இரண்டையும் கலந்துவிடுவான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்கு வித்தியாசமே நினைவில் நிற்கும்.

கோபம் வருவது பற்றிக் கேட்டீர்கள். வரவில்லை என்று தெரியும் அந்த நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. தேடித் தேடிக் கிடைக்காமல், பிறகு புத்தகத்தைப் பார்த்துச் சிவப்பில் எழுதும் வரி சீக்கிரம் மறக்காது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியாது, கண்ணால் பார்க்க வேண்டும். இன்று எழுதிய தாளைக் கிழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். அடுத்த வாரம் அதே கேள்வி, புதுத் தாள். இரண்டையும் அவனே அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.


ராணிப்பேட்டை கணக்கு எழுதியது:

சாக்பீஸ் சார் சொன்னது தியரிக்கு அருமை. ஆனா கணக்குல இதை அப்படியே செஞ்சா வழுக்கும். கணக்கை நினைவுலேருந்து எழுதற பசங்களும் இருக்காங்க, எண்ணை மாத்திக் கேட்டா தொலைஞ்சாங்க.

கணக்குல வேற சிக்கல். பயிற்சியில ஒரே வகைக் கணக்கு வரிசையா வரும். அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தை எடுத்துக்குங்க. நேர்மாறு அணி முறைக்கு ஒரு பயிற்சி, கிராமர் விதிக்கு ஒண்ணு, காஸ் நீக்கல் முறைக்கு ஒண்ணு. ஒவ்வொரு பயிற்சியிலயும் என்ன முறைன்னு தலைப்பே சொல்லிடுது. பையன் போட்டுடறான். கலந்து குடுத்தா கை நிக்குது. அணிக்கோவை (டிட்டர்மினன்ட்) மதிப்பு பூச்சியமா வந்தா நேர்மாறும் கிடையாது, கிராமர் விதியும் ஒத்து வராது, அணியோட தரத்தை (ரேங்க்) பாக்கணும்னு அவனுக்குத் தோணணும். எந்த முறைன்னு முடிவு பண்றதே பாதிக் கணக்கு.

அதனால ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அணிகள்லேருந்து ரெண்டு, கலப்பு எண்கள்லேருந்து ரெண்டு, வெக்டர்லேருந்து ரெண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொல்லுங்க. எடுத்துக்காட்டுக் கணக்கைத் தீர்வை மூடிட்டுப் போடணும், முட்டினா ஒரு வரி மட்டும் திறந்து பாக்கலாம். தப்பு விட்ட கணக்குக்குத் தனி நோட்டு. அதுல விடையை எழுதாதீங்க, "குறி மாத்த மறந்தேன்", "கேள்வியை முழுசாப் படிக்கல" மாதிரி காரணத்தை எழுதணும். ஒரு மாசத்துல அந்த நோட்டைப் புரட்டினா, அவன் தப்பெல்லாம் நாலஞ்சு வகைக்குள்ளதான் இருக்கும்னு அவனுக்கே தெரியும். ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, அதனால பாதியில முட்டினாலும் வந்த வரைக்கும் எழுதிட்டு வரணும்.


பாலாற்றங்கரை எழுதியது:

சாக்பீஸ் சார் சொன்ன மாதிரி, ஒண்ணாவது படிக்கிற என் பேரப்பிள்ளைகிட்ட வாய்ப்பாட்டை மூடி வெச்சிட்டுக் கேட்டுப் பாத்தேன். வித்தியாசம் தெரியுது, ஒத்துக்கறேன். விடியற்காலை படிப்பை மட்டும் நான் விடமாட்டேன். அஞ்சரை மணின்னா சரி, சிஸ்டர்.


நெல்லூர்பேட்டை அக்கா எழுதியது:

நடந்ததைச் சொல்றேன். மொதல் நாள் அந்த மின் இருமுனைக்கு அரைப்பக்கம்தான் எழுதினான், படத்துல அம்பு ரெண்டும் ஒரே பக்கம். நான் புக்கைக் காட்டினதும் மூஞ்சி செத்துப்போச்சு. சார் சொன்ன மாதிரி தேதி போட்டு வெச்சேன். அடுத்த வாரம் அதே கேள்வியைக் கேட்டேன். படம் சரியா வந்துடுச்சு, அந்த "தொலைவு மிக அதிகம்" வரியும் வந்துடுச்சு. ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அடுத்த பாடத்தை எடுத்துக்கினு வந்து "இதைக் கேளுக்கா"ன்னான்.

தூக்கம் இப்போ பத்து மணிக்குள்ள வந்துடுது. சனி ஞாயிறு பசங்களோட கிரவுண்டுக்குப் போறான். பிசிக்ஸ் ரிவிஷன் டெஸ்ட்ல கொஞ்சம் ஏறியிருக்கு. கெமிஸ்ட்ரி ஏறல, கரிம வேதியியல் பாத்தாலே பயப்படறான், ஷூ பெட்டியில முதல் தடுப்பு பூரா அந்த அட்டைதான். மத்தியானம் லைப்ரரில உக்காந்து எழுதலாம்னு போனான், வெள்ளிக்கிழமை லீவுன்னு தெரியாம திரும்பி வந்துட்டான்.

அரையாண்டு டைம் டேபிள் வந்துடுச்சு. பரீட்சைக்கு மொதல் நாள் ராத்திரி மட்டும் முழிச்சிக்கட்டுமான்னு கேக்கறான். என்ன சொல்றது?


சாக்பீஸ் எழுதியது:

வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் நாள் புதிதாக எதையும் தொட வேண்டாம். சிவப்பு மை வரிகளையும் பெட்டியின் முதல் தடுப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பேனா, ஹால் டிக்கெட், ஸ்கேல் எடுத்து வைத்துவிட்டு ஒன்பதரைக்குப் படுக்கட்டும். பொதுத்தேர்வு என்றால் 10 மணிக்கு வினாத்தாள் தருவார்கள், எழுதத் தொடங்குவது 10.15க்கு. முதல் பத்து நிமிடம் வாசிக்க மட்டும்தான். அரையாண்டிலேயே அதைப் பழகட்டும்: இயற்பியல், வேதியியலில் இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒன்பதில் எந்த ஆறு என்பதை அந்த நேரத்திலேயே மனத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். கட்டாய வினா எது என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

கரிம வேதியியலுக்கு வினைகளை ஒவ்வொன்றாக அட்டையில் எழுதாமல், ஒரு பெரிய தாளில் ஆல்கஹாலை நடுவில் எழுதி, அதிலிருந்து எதுவாக மாறும், எது சேர்ந்தால் மாறும் என்று அம்புக்குறி போட்டு வரைபடமாக வரையச் சொல்லுங்கள். ஆல்டிஹைடு, கார்பாக்சிலிக் அமிலம், ஈதர், ஆல்கீன் எல்லாம் அதே தாளுக்குள் வந்துவிடும். வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, இன்னொரு தாளில் மறுபடி வரையட்டும். எந்த அம்பு விட்டுப்போகிறதோ அதற்கு மட்டும் அட்டை போடட்டும். வரைந்ததைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், விட்ட இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.